தங்கை எழுதிய பெயர்

நாவுனிந்தாவா ஊரில் சபைக்கு யங்கோனா என்னும் வேர்ப்பானத்தைக் கரைக்கும் உரிமை ஒரே வீட்டாருக்கு உரியது. இந்தத் தலைமுறையில் அவ்வுரிமை வைசாக்கேயின் கையில் இருந்தது. இடித்த வேரைத் துணியில் முடிந்து, மரத்தொட்டி நீரில் முழங்கை வரை கையை விட்டு அவன் பிழிந்தெடுத்தால், நீர்த்துவிட்டது என்றோ கடுத்துவிட்டது என்றோ எந்த ஊர்ப் பெரியவரும் முகஞ்சுளித்ததில்லை. வேறு சிறப்பு எதுவும் அவனுக்கு இல்லை. சேம்புத் தோட்டம் சிறியது, பேச்சும் குறைவு. தொட்டிக்குப் பின்னே சப்பணமிட்டு அமரும்போது மட்டும் அவன் பத்துப் பேர் மதிக்கும் ஆளாகத் தெரிந்தான்.

உலமிலாவுக்கு அவன் பெரியப்பன் மகன், ஆகவே அண்ணன். அவள் சிறுமியாயிருந்தபோது பள்ளிக்குப் போகும் வழியில் ஆற்றைக் கடக்கத் தோளில் சுமந்தவன் அவன்தான். அவள் பெரியவளான பின்னர், அவ்வூர் முறைப்படி, இருவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. அவன் வரும் பாதையிலிருந்து அவள் ஒதுங்கினாள். அவள் அமர்ந்திருக்கும் வீட்டினுள் அவன் நுழைந்ததில்லை. தங்கைக்கென்று ஆற்றுமீன் எடுத்துவைத்தால் அதை மனைவி கெலெராவிடம் கொடுத்தனுப்புவான். இதை யாரும் பகையென்று எண்ணுவதில்லை. தங்கையை ஒருவன் எவ்வளவு உயர்வாக வைத்திருக்கிறான் என்பதை ஊரார் அந்த மௌனத்தைக் கொண்டே அளந்தார்கள்.

தாயை முன்பே இழந்த உலமிலா, தந்தை எமோசியின் ஒரே மகளாக வளர்ந்து, தீவின் தலைநகரான சுவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். நான்காம் ஆண்டில் காய்ச்சல் வார்டில் பயிற்சி பெற்றபோது, தன் ஆற்றங்கரையைச் சேர்ந்த ஒரு பெண்ணை டைஃபாய்டிலிருந்து மீட்டு வீட்டுக்கு அனுப்பினாள். சில வாரங்களில் அதே கட்டிலுக்கு அப்பெண்ணின் கணவன் வந்தான். அவன் தேறிப் போன பின் அவன் தம்பி வந்தான், தம்பி பிழைக்கவில்லை. கட்டிலருகே நின்றுகொண்டே இதை முடிக்க இயலாது என்பது அன்று அவளுக்குத் தெளிவாயிற்று. பொதுச் சுகாதாரம் கற்பித்த டாக்டர் ஷைலா கவுண்டரிடம் சென்று, மருத்துவத்தோடு சேர்த்து அத்துறைப் பட்டத்தையும் படிக்கப் பெயர் கொடுத்தாள். நான்காம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் இடையே ஓராண்டு விலகி நின்று, கள ஆய்வொன்றை முடித்து, மீண்டும் வார்டுக்குத் திரும்ப வேண்டும். இரண்டு பட்டங்களையும் ஒரே மேடையில் கொடுப்பார்கள்.

உடன் படித்தவர்கள் சிரித்தார்கள். ஊசி போடப் பழகும் வயதில் ஊர் ஊராய்க் கக்கூஸ் எண்ணப் போகிறாளாம் என்று விடுதி முழுவதும் பேச்சு. எமோசி மட்டும் மகிழ்ச்சியை மறைக்க முடியாமல் தவித்தார்.

"ரெண்டு படிப்பா? ஒரு தலையில ரெண்டு தொப்பி நிக்காதேம்மா."

"அப்ப ஒண்ண நீங்க போட்டுக்குங்கப்பா."

"எனக்குப் பெரிய தலை. பெருசா வாங்கிட்டு வா," என்றார் அவர்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது அந்தக் காய்ச்சலையேதான். நோயாளிகள் பல ஊரினர். ஆயினும் பெரும்பாலோர் நோயுறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் நாவுனிந்தாவாவில் ஏதோ ஒரு திருமணத்திலோ சாவிலோ கலந்துகொண்டிருந்தனர். ஊற்று நீரும் குழாய் நீரும் சோதனையில் சுத்தமாகவே இருந்தன. எஞ்சியது ஒன்றுதான்: என்றோ காய்ச்சல் வந்து தேறி, நலமாக நடமாடுகிற எவரோ ஒருவரின் பித்தப்பையில் அக்கிருமி குடியிருக்கிறது; மலத்தில் இறங்கி, கைவழியே பிறர் வாய்க்குப் போகிறது.

"ஆளைக் கண்டுபிடிச்சா மாத்திரை இருக்கு, ஆபரேஷன் இருக்கு," என்றார் டாக்டர் கவுண்டர். "கண்டுபிடிக்கலேன்னா அடுத்த கல்யாணத்துக்கு அடுத்த சாவு. ஆனா சொந்த ஊர்ல செய்யணுமா? யோசிச்சுக்கோ."

சொந்த ஊர் என்றால்தான் கதவு திறக்கும் என்று உலமிலா உறுதியாகச் சொன்னாள்.

கதவு திறக்கத்தான் செய்தது. எமோசி யங்கோனா வேர்க்கட்டைப் பெரியவர்கள் முன் வைத்து, மகளுக்காக அனுமதி வேண்டினார். நம் பிள்ளை நம்மை ஆராய்வதற்கு அனுமதி எதற்கு என்று கேட்டுக்கொண்டே அவர்கள் வேரைத் தொட்டு ஏற்றார்கள். அன்றும் கரைத்தவன் வைசாக்கேதான். மறுநாளே ஊர்க்கூடத்தின் வாசலில் மேசை போட்டாயிற்று. வயது வந்த ஒவ்வொருவரும் மும்முறை மலம் கொடுக்க வேண்டும். பெண்களுடையதை உலமிலா வாங்கினாள். ஆண்களுடையதை வாங்க வட்டார நர்ஸ் செரெய்மா வந்தாள். அவள் பக்கத்துப் பள்ளத்தாக்குக்காரி. அவ்வூர் ஆண்களுக்கு முறைப்பெண். ஆகவே எதையும் பேசலாம்.

ஊர்த்தலைவர் அபிசாய் டப்பியை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு, "ஆம்பளைகிட்ட கேக்கறதுக்கு உனக்கு வேற எதுவும் தோணலையா?" என்றார்.

"உங்ககிட்ட வேற என்ன மச்சான் உருப்படியா இருக்கு? இதையாவது சிந்தாம குடுங்க."

மேசையைச் சுற்றி நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் வேலை நடந்தது. வெட்கப்பட்ட கிழவர்களையும் செரெய்மா கேலி பேசியே வழிக்குக் கொண்டுவந்தாள். கேலிக்கு அப்பாற்பட்டவன் ஒருவன் மட்டுமே இருந்தான். தங்கை அமர்ந்திருக்கும் கூடத்தின் பக்கமே அவன் வரவில்லை. அதில் வியப்பொன்றும் இல்லை.

டப்பிகளின்மீது ஒட்டிய தாளில் பெயரெழுதிக்கொண்டிருந்த உலமிலாவிடம் செரெய்மா குனிந்து, "உங்க அண்ணன் பேரை நான் எழுதட்டுமா?" என்று மெல்லக் கேட்டாள்.

உலமிலா சற்றுத் தயங்கினாள். பெயர்கள் மாறிப்போகாதிருக்க, எல்லா டப்பிகளிலும் ஒரே கை எழுத வேண்டும் என்று தானே வகுத்த விதி ஒன்று இருந்தது. தேர்வாளர்கள் கேட்கும் முதற்கேள்வியும் அதுவாகவே இருக்கும். ஒருவனுக்காக விதியைத் தளர்த்தினால் ஆய்வு முழுவதும் தளர்ந்துபோகும் என்று எண்ணினாள். வைசாக்கேயின் பெயரையும், தெளிவான, உருண்டையான எழுத்தில் அவளே எழுதினாள். கெலெரா வந்து தன் டப்பியையும் கணவனின் டப்பியையும் வாங்கிக்கொண்டு போனாள். மும்முறையும் இரண்டையும் நிரப்பிக் கொண்டுவந்து செரெய்மாவிடம் கொடுத்தாள்.

சுவாவிலிருந்து வந்த முடிவுகளில் ஒருவரிடமும் கிருமி இல்லை. கிருமி நாள்தோறும் இறங்குவதில்லை, மூன்று சோதனைகளுக்கும் தப்பிவிடுவதுண்டு என்று டாக்டர் கவுண்டர் எச்சரித்தார். எனினும் செய்முறையில் குறையேதும் காண அவரால் இயலவில்லை. கிருமியைச் சுமப்பவர் ஊரில் இல்லை, வந்துபோகும் விருந்தினருள் எவராகவேனும் இருக்கலாம் என்று உலமிலா எழுதி முடித்தாள். ஆய்வேடு ஏற்கப்பட்டது. ஐந்தாம் ஆண்டு வகுப்பில் சேர்ந்து வார்டுக்குத் திரும்பினாள்.

ஊராருக்கோ அது ஒரு விடுதலை. பல்லாண்டுகளாக ஆற்றங்கரை ஊர்கள் தங்களைப் பற்றி முணுமுணுத்ததை அவர்கள் அறிவார்கள். இப்போது தங்கள் பிள்ளையே படித்து, சோதித்து, சுத்தம் என்று எழுதிவிட்டாள். ஒரு ஞாயிறு வழிபாடு முடிந்ததும் நன்றி விருந்து வைத்தார்கள். வைசாக்கே கரைத்தான். வழக்கமாக ஊர்த்தலைவருக்குப் போகும் முதற்சிரட்டையை அன்று, மகளைப் பெற்றவர் என்பதற்காக, எமோசிக்கு நீட்டினார்கள். அவர் இரு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, சிரட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பின்னும் பல சுற்றுக் குடித்தார் என்று பிற்பாடு சொன்னார்கள்.

காய்ச்சல் தொடங்கியபோது எமோசி மகளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. ஊர் சுத்தம் என்று எழுதப்பட்டுவிட்ட பின்பு அது அந்தக் காய்ச்சலாக இருக்க வழியில்லை என்று நம்பினார். மழையில் நனைந்ததால் வந்தது என்று சொல்லி, இலைச்சாறு குடித்துப் படுத்திருந்தார். தோட்டத்தில் சுருண்டு விழுந்த பின்னரே படகில் ஏற்றினார்கள். சுவா வந்து சேர்ந்தபோது குடலில் துளை விழுந்திருந்தது. அறுவை அறையில் உலமிலாவைக் கூட நிற்கவிட்டார்கள். மாணவி என்ற முறையில் அல்ல, மகள் என்ற இரக்கத்தில். இரத்தத்தில் வளர்ந்த கிருமியின் பெயரை ஆய்வகத்தார் சொல்வதற்கு முன்பே அவள் அறிந்திருந்தாள்.

மயக்கம் தெளிந்த சிறு பொழுதில் எமோசி அவளைக் கண்டு, "யாரோ வெளியூர்க்காரன்தான்மா. நீ எழுதினது சரி," என்றார். அதுவே அவர் கடைசியாகக் கூறியது.

சடலத்தோடு அவள் ஊர் திரும்பினாள். ஆற்றின் மேலும் கீழுமாக ஏழு ஊரார் காணிக்கைப் பாயும் வேருமாக வந்திறங்கிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் விருந்தினருக்கெனத் தகரக்கொட்டகை எழுந்திருந்தது. சமையல் கொட்டிலில் பெண்களோடு உலமிலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கெலெரா அருகில் வந்து அமர்ந்தாள். வெகுநேரம் வரை அவளும் துருவினாள். மற்றவர்கள் எழுந்துபோன பின், தலை நிமிராமலே சொன்னாள்.

"அந்த டப்பியில இருந்தது அவரோடது இல்ல."

உலமிலாவின் கை நின்றது. "யாரோடது அண்ணி?"

"என்னோடதுதான். மூணு தடவையும்."

"ஏன்?"

"தங்கச்சி கையால பேர் எழுதின டப்பியில நான் எப்படிடீ போவேன்னு கேட்டாரு. எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. ரெண்டு பேரும் ஒரே பானைச் சோறுதானே, எனக்கு இல்லாதது அவருக்கு எங்கேருந்து வரும்னு நினைச்சேன்." துருவியதை ஒதுக்கிவைத்துக்கொண்டே, "சின்ன வயசுல அவருக்கு அந்தக் காய்ச்சல் வந்து முடியெல்லாம் கொட்டிப்போச்சாம். எங்க மாமியார் சொல்லியிருக்காங்க," என்றாள்.

அண்ணனுக்கு அந்த டப்பியில் தென்பட்டது ஒரு பெயர் அன்று, தங்கையின் கண். அதை அவள் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். அந்த ஊரில் பிறக்காத ஒருத்திதான் அதை உணராமல் போயிருக்கலாம்.

கொட்டகையில் தொட்டியைக் கொண்டுவந்து வைக்கும் ஓசை கேட்டது. உலமிலா செரெய்மாவைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆண்களிடம் பேசத் தகுந்தவள் அவள் ஒருத்தியே. செரெய்மா அபிசாயைத் தனியே அழைத்து வெகுநேரம் மன்றாடினாள். அன்று மச்சான் என்றோ கேலியாகவோ ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை. திரும்பி வந்தவள் முகமே விடையைச் சொல்லிற்று. வைசாக்கேயிடம் கிருமி இருப்பதற்குச் சோதனை உண்டா என்று அபிசாய் கேட்டிருக்கிறார். இல்லை என்றிருக்கிறாள்.

"சுத்தம்னு எழுதினது அந்தப் பொண்ணுதானே. அத நம்பித்தானே விருந்து வெச்சோம். இன்னிக்கு அவ அப்பன் சாவு. சொந்த அண்ணன் மவன் கரைக்காம எமோசிய அநாதைப் பொணமாட்டமா அனுப்பச் சொல்றீங்க? அடக்கம் முடியட்டும், அப்புறம் பேசலாம்." அபிசாயின் இச்சொற்களைச் செரெய்மா அப்படியே ஒப்பித்தாள்.

அடக்கம் முடிவதற்குள் ஏழு ஊரும் குடித்துவிடும். உலமிலா கொட்டகைக்கு நடந்தாள். பெண்கள் நுழையும் வாசல் வேறு. அவள் ஆண்களின் வாசல் வழியே நுழைந்தாள். பாய்களில் நிறைந்திருந்த விருந்தினர் பேச்சை நிறுத்தினார்கள். தொட்டிக்குப் பின்னே வைசாக்கே அமர்ந்திருந்தான். இரு கைகளும் முழங்கை வரை நீருள் இருந்தன, துணிமுடிப்பைப் பிழிந்துகொண்டிருந்தான். சிற்றப்பனுக்காகக் குறைவின்றிச் செய்ய வேண்டும் என்பது தவிர அவன் முகத்தில் வேறெதுவும் இல்லை.

சிறுமியாக அவன் தோளில் அமர்ந்திருந்தபோது கடைசியாக அவனோடு பேசியவள் அவள்.

"அண்ணா, கைய எடுங்க."

வைசாக்கே தலையை நிமிர்த்தவில்லை. சொன்னது தன் செவியில் தவறாக விழுந்ததோ என்று எண்ணுவதுபோலச் சிறிது பொழுது அப்படியே இருந்தான். பிறகு துணிமுடிப்பைத் தொட்டியிலேயே நழுவவிட்டு, கைகளை எடுத்தான். அவற்றை எங்கே துடைப்பது என்று அறியாதவனாய், உடம்பில் படாதவாறு அகற்றிப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழங்கையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, அவளைச் சுற்றிக்கொண்டு வாசலைக் கடந்து, ஆற்றை நோக்கி நடந்துபோனான்.

விருந்தினருள் மூத்தவர் என்னவென்று வினவினார். தந்தையை இழந்த பிள்ளைக்குச் சித்தம் கலங்கியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும் என்று அபிசாய் சபை வழக்கப்படி கைதட்டி வணங்கினார். வைசாக்கேயின் தம்பி வந்து அவன் இடத்தில் அமர்ந்தான். தொட்டியில் கரைந்திருந்தது விருந்தினர் காணிக்கையாகக் கொண்டுவந்த வேர். அதைக் கொட்டுவது அவர்கள் முகத்தில் கொட்டுவதாகும். தம்பி துணியை எடுத்து இன்னும் இருமுறை பிழிந்தான், சிரட்டை நிரம்பிற்று.

உலமிலா தொட்டியை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தாள். அதற்குள் அத்தைமார் இருவர் வந்து அவளை அணைத்துக்கொண்டார்கள். துயருற்றவளைப் பிடிக்கும் பரிவோடுதான் பிடித்தார்கள், தலையைத் தடவினார்கள், கண்ணே என்றார்கள். அந்தக் கைகளை உதறிவிட அவளுக்கு வலிமை இல்லை. வெளியே நடத்திச் செல்லப்பட்டபோது, முதற்சிரட்டைக்குரிய கைதட்டல் பின்னே கேட்டது.

மழைக்காலம் முடியுமுன் வார்டு நிறைந்தது. ஏழு ஊரிலிருந்தும் வந்தார்கள். அவர்களுள் மூவரைச் சடலமாகவே படகில் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்கள் வீடுகளிலும் கொட்டகை எழுந்தது.

உலமிலா தன் ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். வேறோர் ஊரில் மறுபடி செய்து பட்டத்தை முடிக்கலாம் என்று டாக்டர் கவுண்டர் இடமளித்தார். ஆனால் தொட்டியருகே சென்று அண்ணனை எழுப்பிய பெண்ணின் கையிலிருந்து வேரை வாங்க ஆற்றங்கரையில் எந்த ஊரும் முன்வரவில்லை. அவளுக்காகப் பரிந்து வேர் வைக்க எமோசியும் இல்லை.

வைசாக்கே அன்று ஆற்றைக் கடந்தவன் அக்கரைத் தோட்டக் குடிசையிலேயே தங்கிவிட்டான். அவனை யாரும் விலக்கவில்லை. அவனும் அதன்பின் எந்தத் தொட்டியின் பின்னேயும் அமரவில்லை. சுகாதார அலுவலரின் படகோசை கேட்டால் மலைக்காட்டுக்குள் போய்விடுவான். அவனிடம் போய்வரக்கூடியவள் கெலெரா ஒருத்தியே. உலமிலா அவளிடம் மாத்திரைகளையும் டப்பியையும் கொடுத்தனுப்பினாள். இம்முறை பெயரைச் செரெய்மா எழுதினாள்.

கெலெரா காலி அட்டைகளோடும் நிரம்பிய டப்பியோடும் படகுத்துறைக்கு வந்தாள்.

"எல்லாத்தையும் முழுங்கிட்டாரு," என்றாள்.

"பாத்தீங்களா அண்ணி?"

"பாத்தேன்."

"டப்பி?"

"அவரோடதுதான்." அப்படிச் சொன்னபோது கெலெரா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கரையில் ஒரு புகை மட்டும் தெரிந்தது.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. டாக்டர் கவுண்டர் அத்தாளைப் படித்துவிட்டு, நம்புகிறாயா என்று கேட்டார். உலமிலா தாளை வாங்கிக் கோப்பில் வைத்தாள். அந்த ஒருவரைப் பற்றிய கேள்வி இப்போது மிகச் சிறிதாகிவிட்டதை இருவரும் அறிந்திருந்தார்கள். காய்ச்சலிலிருந்து மீண்டவர்களுள் சிலரின் பித்தப்பையில் அது தங்கிவிடும். யார் யார் என்று மீண்டவர்களுக்கே தெரியாது. ஏழு ஊர்களிலும் அவர்கள் நலமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

வார்டில் கடைசியாகத் தேறியவன் கீழாற்று ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞன். வீட்டுக்குப் புறப்படும் உற்சாகத்தில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினான். அடுத்த சனிக்கிழமை ஊரில் திருமணம் என்றான்.

"நல்லவேளை, அதுக்குள்ள அனுப்பறீங்க டாக்டர். எங்க ஊர்ல நான்தான் கரைக்கணும். எங்க வீட்டுக்குத்தான் அந்த உரிமை."

உலமிலா ஒரு டப்பியை எடுத்தாள். காய்ச்சல் நின்றாலும் கிருமி நிற்காதிருக்கலாம் என்றும், சில வாரங்களுக்கேனும் தொட்டியில் கை வைக்க வேண்டாம் என்றும் விளக்கினாள். அவன் பணிவோடு தலையசைத்துக் கேட்டான். அவள் பேனாவைத் திறந்தாள். பின் மூடி, டப்பியோடு அவனிடம் நீட்டினாள்.

"பேர நீங்களே எழுதுங்க."

அவன் தன் பெயரை அழகாக எழுதினான். நன்றி கூறி, மூட்டையை எடுத்துக்கொண்டு, படகைப் பிடிக்க விரைந்தான். படுக்கை விரிப்பை மாற்ற வந்த பணிப்பெண், தலையணைக்கு அடியிலிருந்து அந்த டப்பியை எடுத்து, இது யாருடையது என்று கேட்டாள். உலமிலா அதை வாங்கினாள். உள்ளே ஒன்றும் இல்லை. அதை மேசைமீது வைத்துவிட்டு, வாசலில் காத்திருந்த அடுத்த நோயாளியை உள்ளே வரச் சொன்னாள்.